ஷேப் பண்ணிய சிவப்பு லைட்

கொழும்பில் எந்த மொழிக்காரரும் மொழிபெயர்க்காமலே பயன்படுத்தும் ஒரு சொல் இருக்கிறது. ஷேப். குழாய் ஒழுகினால் துணியைச் சுற்றி ஷேப் பண்ணலாம். சுவரில் ஈரம் கசிந்தால் கலண்டரை மாட்டி ஷேப் பண்ணலாம். கந்தோரில் மேலதிகாரி கேள்வி கேட்டால் சிரித்து ஷேப் பண்ணலாம். எழுத்துத் தமிழில் பூசி மெழுகுவது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பூசி மெழுகுகிறவனுக்கு உள்ளே கொஞ்சமாவது உறுத்தும். ஷேப் பண்ணுகிறவனுக்கு உறுத்தாது, பெருமையாக இருக்கும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே குமட்டும். என் கணவருக்கு அது உயிர்.

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. ஓட்டியவர் பெரும்பாலும் அவர்தான். நானும் ஓட்டுவேன், ஆனால் பகலில், சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும். சீனி வியாதி அவருடைய கண்ணைப் பிடித்த பிறகு, பொழுதுபட்டால் அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகளுக்கு வத்தளையில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. விடியுமுன் வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய வேலை. அவள் லைசன்ஸ் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. "கார் இனி உனக்குத்தான் மகள்," என்று அவர் சாவியை அவள் கையில் வைத்தபோது, ஏதோ அரண்மனையை எழுதிக் கொடுத்தவர் மாதிரி நின்றார்.

வெள்ளவத்தையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டுப் பொழுதுபட்டுத் திரும்பினோம். மகள்தான் ஓட்டினாள். காலி வீதியில் ஏறி லைட்டைப் போட்டால் முன் லைட் எரிந்தது, டேஷ்போர்ட் எரியவில்லை. வேக ஊசி, பெற்றோல் ஊசி, சூட்டு ஊசி எல்லாம் இருட்டுக்குள். கறுப்புத் துணியைப் போட்டு மூடியதுபோல் இருந்தது.

"அப்பா, நான் எவ்வளவு ஸ்பீட்ல போறன்?" என்று அவள் பதறினாள்.

"நாப்பது," என்றார் பக்கத்தில் இருந்தவர், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

"எப்பிடித் தெரியும்?"

"எஞ்சின் சத்தத்திலயே எனக்கு விளங்கும். நீ ரோட்டைப் பார் மகள்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் பக்கத்தில் வந்து, பின் லைட்டும் எரியவில்லை என்று சிங்களத்தில் கத்திவிட்டுப் போனார். காலிமுகத்திடல் வரும்வரைக்கும் பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் எங்கள் மேல் ஏறப்போகிறது என்று நான் பின்சீட்டில் இருந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகளின் கழுத்து வியர்த்திருந்தது. ஏசி போட்டிருந்தும் வியர்த்திருந்தது. இந்தப் பிள்ளை, இந்தக் காரில், தனியாக, இருட்டில் களனிப் பாலத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புதிதாக ஓட்டுகிறவளுக்கு எஞ்சின் சத்தமும் தெரியாது, வாசமும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஊசியையும் லைட்டையும்தான் அவள் நம்புவாள். அது பொய் சொல்லக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் நானே காரை எடுத்துக்கொண்டு எங்கள் வீதி முனையில் இருக்கும், எல்லாரும் பாஸ் என்று கூப்பிடும் வயரிங்காரரிடம் போனேன். கராஜ் என்று ஒன்று அவருக்கு இல்லை. ஒரு மரம், இருக்க ஒரு வாங்கு, ஒரு பெட்டி பியூஸ், அவ்வளவுதான். மீட்டரைக் கழற்றி வெளியே எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். கரப்பான் முட்டை ஓடுகள், டொபி உறைகள், என்றோ காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று, செபமாலை மணிகள், எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தடிப்புக்குப் பிசுபிசுத்த தூசி. நாங்கள் வருடக்கணக்காக இதற்கு முன்னால் இருந்துகொண்டுதான் பிலாச்சுளையும் பேக்கரிப் பணிசும் சாப்பிட்டிருக்கிறோம்.

"டேஷ்போர்ட் லைட்டுக்கும் பின் லைட்டுக்கும் ஒரே பியூஸ்தான் மிஸ். அது போயிட்டுது," என்றார் அவர்.

புதுப் பியூஸ் போட்டார், அது உடனே போனது. இன்னொன்றைப் போட்டார், அதுவும் போனது. ஏன் போகிறது என்று ஒரு மனிதன் யோசிக்க வேண்டாமா? அவர் யோசிக்கவில்லை. கீழே கிடந்த வெற்று சிகரெட் பெட்டியை எடுத்தார். உள்ளே இருந்த வெள்ளித்தாளைக் கிழித்தார். எரிந்த பியூஸில் அதைச் சுற்றி அமுக்கிச் செருகினார். டேஷ்போர்ட் பளிச்சென்று எரிந்தது.

"ஷேப் பண்ணியாச்சு!" என்றார். பல்லெல்லாம் தெரிந்தது. எண்ணெய்க் கையை என் சீட் உறையில் துடைத்துக்கொண்டார்.

பியூஸ் என்பது எரிவதற்காகவே செய்யப்பட்ட பொருள். அது எரியாமல் செய்தால் வேறு ஏதோ எரியும். பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்கு எனக்கே அது தெரியும். அவருக்குத் தெரியாமலா? தெரியும். எரியும்போது கார் அவருடைய மரத்தடியில் நிற்காது, அவ்வளவுதான் அவருடைய கணக்கு. நான் வீட்டுக்கு வருவதற்குள் ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கிளம்பிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, அந்த வெள்ளித்தாளைப் பிடுங்கி எறிந்தேன். விரல் சுட்டது. நடுரோட்டில் நின்று நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, நான் கோயிலுக்குப் போகிறவள்.

பிறகு வெள்ளவத்தையில் ஒரு பெரிய இடத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர், சீருடை. அங்கே இருந்த இளைஞர் காரைச் சுற்றி வந்தார், செத்த எலியைப் பார்க்கிற முகத்தோடு. அவருடைய கையில் இருந்த கருவியைச் செருகுவதற்கு எங்கள் காரில் ஓட்டை இல்லையாம். ஆகவே நோய் என்னவென்று கண்டுபிடிக்க முடியாதாம். நான் தமிழில் கேட்க அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். கடைசியில், "மேடம், முழு வயரிங்கையும் மாத்துங்க. இல்லாட்டிக் காரை மாத்துங்க," என்றார், அதை மட்டும் தமிழில். ஒரு ஸ்குரூவைக்கூட அவர் கழற்றவில்லை. முதலாமவர் அழுக்குக் கையால் என்னை ஏமாற்றினார், இவர் சுத்தமான கையால். நாற்றத்தில்தான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து கொதித்துக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்:

"நான் முதலே சொன்னனான்தானே. தெமட்டகொடையில என்ட ஆள் இருக்கு. அவனிட்டக் கொண்டு போ."

அவருடைய ஆள் ரயில்வே யார்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். வாய் நிறைய வெற்றிலை. பேசுவதற்கு முன் துப்புவார், பேசிவிட்டும் துப்புவார், இரண்டும் என் காரின் டயருக்குப் பக்கத்தில். ஆனால் வேலை தெரிந்தவர். பியூஸ் பெட்டியைப் பார்க்கவேயில்லை. டேஷ்போர்ட்டின் மேல் ஒட்டியிருந்த புனிதர் சுரூபத்தைத்தான் முதலில் பார்த்தார். அந்தச் சுரூபத்தின் காலடியில் ஒரு சின்ன நீல பல்ப். லைட்டைப் போட்டால் புனிதரும் சேர்ந்து எரிவார். எங்கள் பக்கத்தில் பாதிக் கார்களில் இது இருக்கிறது, புனிதருக்குத் தனி பியூஸ் யாரும் வைப்பதில்லை.

"சாமிட வயரை டேஷ்போர்ட் லைட் வயரைச் சீவி அதில கொளுவியிருக்கு மிஸ். டேப்பும் சுத்தல்ல. ஸ்டியரிங் இரும்பில உரஞ்சி உரஞ்சி எர்த் அடிக்குது. பியூஸ் எப்பிடி நிக்கும்?"

அதைக் கழற்றினார், டேப் சுற்றினார், சரியான பியூஸ் போட்டார். எரிந்தது. பின் லைட்டும் எரிந்தது. ஆக விஷயம் இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. போகலாம் என்று நான் கைப்பையை எடுத்தபோது, மீட்டரைத் திரும்பப் பூட்டப் போனவர் அதன் முதுகைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, இது நம்மட கைவேலை!"

காட்டினார். இரண்டு வயர்கள் சேரும் இடத்தில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. தான் எப்போதும் அதைத்தான் சுற்றுவாராம், கறுப்பு டேப்பைவிட அது நன்றாகப் பிடிக்குமாம். வரைந்த படத்தில் தன் கையெழுத்தைக் கண்டவர் மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

"என்ன வேலை அது?" என்று கேட்டேன்.

"ஒயில் லைட். எஞ்சின் ஒயில் அமுக்கம் குறைஞ்சா சிவப்பா எரியும்தானே, அது. பழைய வயரை வெட்டிட்டு பக்கத்தில இருக்கிற பெட்டரி லைட்டோட சேர்த்து விட்டது. சாவி போட்டா ரெண்டும் எரியும், ஸ்டார்ட் பண்ணினா ரெண்டும் அணையும். ஆருக்கும் சந்தேகம் வராது."

"அப்ப ஒயில் இல்லாட்டி?"

"எரியாது."

"ஆர் செய்யச் சொன்னது?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். துப்பினார். "மாத்தயாதான் மிஸ். உங்கட வீட்டு ஐயா. சிக்னல்ல நிக்கேக்க லைட் மினுங்குது, மிஸ் பயப்படுறாங்க, ஷேப் பண்ணித் தா எண்டார்."

எனக்கு ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் அந்தச் சிவப்பு லைட் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மினுங்கும். என்ன அது, என்ன அது என்று நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். ஒருநாள் அது நின்றுவிட்டது. "சரிப்பண்ணியாச்சு," என்றார் அவர். நான் நன்றியோடு இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. எஞ்சினைச் சரிப்பண்ணவில்லை, என்னைச் சரிப்பண்ணியிருக்கிறார்.

அந்த வேலையைப் பிரித்து, வயரை இருக்க வேண்டிய இடத்தில் போடச் சொன்னேன். "வேணாம் மிஸ், பிறகு மனசுக்குத்தான் கரைச்சல்," என்றார். போடு என்றேன், மரியாதை எல்லாம் போய்விட்டது. போட்டார். ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடானதும் அந்தச் சிவப்பு லைட் மெல்ல மினுங்கி, பிறகு நின்று எரிந்தது. அதற்குச் செய்தி அனுப்பும் சென்சரைப் புதிதாக மாற்றினார். அப்போதும் எரிந்தது.

"எஞ்சின் தேஞ்சு போச்சு. திறக்கத்தான் வேணும். இல்லாட்டி ஓடிக்கிட்டு இருக்கேக்க ஒருநாள் இறுகி நிண்டுரும்," என்றார், வானிலை சொல்கிறவர் மாதிரி. லைட் உண்மையாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். எஞ்சின் ஓடும்போது சென்சரின் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டால் உள்ளே லைட் எரியவேண்டும், எரியாவிட்டால் யாரோ ஷேப் பண்ணியிருக்கிறார்கள் என்றார். அந்த யாரோ அவரேதான் என்பது அவருடைய நினைவிலேயே இல்லை.

வீட்டில் நான் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் குறைந்தது. கணவர் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வருஷம் ஓடினது. என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லையே."

"ஒண்டும் நடக்கேல்ல எண்டது உங்கட கெட்டித்தனமா?"

"நீ பக்கத்தில இருந்து கத்துவாய் எண்டுதான் செய்தனான். உனக்காகத்தான்."

எனக்காக. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆண்கள் எவ்வளவு அசிங்கத்தையும் மூடிவிடுவார்கள். மகள் வேலைக்குப் போகுமுன் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் இந்தக் காரைத் தொடக்கூடாது என்றேன். அவர் உடனே சம்மதித்தார். அவ்வளவு லேசாக அவர் எதற்கும் சம்மதித்ததில்லை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மகளுக்கு வேலை தொடங்குவது திங்கட்கிழமை. சனிக்கிழமை பகல் அவரே காரைத் தன் ஆளிடம் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். ஏதோ தடித்த ஒயில் போட்டதாம், எல்லாம் சரியாகிவிட்டதாம். மகளை இருத்திச் சாவியைத் திருப்பிக் காட்டினார். டேஷ்போர்ட் முழுக்க எரிந்தது, ஸ்டார்ட் பண்ணியதும் சிவப்புகள் எல்லாம் ஒழுங்காக அணைந்தன. நீல பல்ப்பைக்கூடத் திரும்பப் பூட்டியிருந்தார். மகள் அதைப் படம் பிடித்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். அவர் ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் மகளைக் கூப்பிட்டேன். காரை ஸ்டார்ட் பண்ணி உள்ளே இருக்கச் சொன்னேன். பொனட்டைத் திறந்தேன். தெமட்டகொடையில் பார்த்த அந்த வயரைத் தேடிக் கழற்றி இரும்பில் தொட்டேன்.

"ஒயில் லைட் எரியுதா?"

"இல்லம்மா."

அழுத்தித் தேய்த்தேன். கையெல்லாம் கரி.

"இப்ப?"

"இல்ல. எரியாட்டி நல்லதுதானே அம்மா?"

அந்தக் கேள்வியில் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பைப்போல் அதற்கு முன் வந்ததில்லை. என்னை ஏமாற்றினார், போகட்டும். நான் வாழ்ந்து முடிக்கப்போகிறவள், வாயும் உள்ளவள். இவள் முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளை. இவளுக்கும் அதே பிளாஸ்டரைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார், அதுவும் எஞ்சின் தேய்ந்தது என்று தெரிந்த பிறகு. பொனட்டை மூடிவிட்டு, அந்த லைட் ஏன் எரியவேண்டும், ஏன் எரியவில்லை, யார் எரியாமல் செய்தது என்று அவளுக்குச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் எஞ்சினை நிற்பாட்டி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே போனோம். அவர் எழும்பி இருந்தார். என் கரிக் கையைக் கண்டதும் விளங்கிவிட்டது.

"ஒரு மாசத்துக்கு மட்டும்தான்," என்றார் முந்திக்கொண்டு. "பிறகு எஞ்சினைத் திறக்கலாம் எண்டு இருந்தனான். முதல் நாளே சிவப்பு லைட்டைப் பார்த்து, அப்பா ஒரு ஓட்டைக் காரைத் தந்திட்டார் எண்டு பிள்ளை நினைக்கக்கூடாது பாரு."

ஆக இதுதான். என் பயத்துக்காகவும் இல்லை, அவளுடைய நிம்மதிக்காகவும் இல்லை. தன் மூஞ்சிக்காக. நான் வாயைத் திறக்குமுன் மகள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, விடிய இருட்டுக்குள்ள பாலத்தில எஞ்சின் நிண்டா நான் என்ன செய்ய?"

"எனக்கு ஃபோன் அடி. நான் உடன வருவன்தானே மகள்."

"எதில வருவீங்க அப்பா? கார் என்னிட்ட. உங்களுக்கு இருட்டில கண்ணும் தெரியாது."

மகள் சாவியை அவருக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டு, வத்தளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள்.